“பெரியப்பாவும் அப்படித்தான் செய்துகொள்வாரா?” மகளுக்கு என்ன பதில் சொல்வது?

மலைச்சாலை ஓட்டுநர், கொடைக்கானல்:

வணக்கம். கொடைக்கானலில் 22 ஆண்டுகளாகச் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். கேள்வி சினிமாவைப் பற்றியதுதான், ஆனால் அது என் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடுகிறார். வயது 53. 2001-லிருந்து அவருக்கு இருமுனைக் கோளாறு இருக்கிறது. தொடக்கத்தில் வாரக்கணக்கில் உறங்கமாட்டார். ஊரெல்லாம் கடன் வாங்கி விதைப்பூண்டை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவிப்பார். பிறகு திடீரென்று ஒடுங்கிப்போவார். போர்வையை விலக்கி முகம் பார்க்கவே எங்களால் முடியாது.

உறவினர்கள் எல்லாரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: சங்கிலி போட்டு வைக்கும் ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அப்பாவுக்கும் வேறு வழி தெரியவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவர் ‘சேது’ பார்த்திருந்தார். மனம் தவறியவனைச் சங்கிலியில்தான் வைப்பார்கள் என்று அந்தப் படம் அவருக்கு உறுதி செய்திருந்தது. அண்ணனின் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. அந்த வாரம்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். செய்தித்தாளைப் படித்த அப்பா பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் திரும்பப் போட்டார். மறுநாள் விடியற்காலையில் அண்ணனை அழைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினார்.

இப்போது அண்ணனுக்கு லித்தியம் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இடையில் இரண்டு முறை நோய் திரும்பியது. இரண்டு முறையும் மீண்டார். குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு வடம் பிடிக்கிறார், பூண்டை அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி விதைக்கு எடுத்து வைக்கிறார், என்னுடன் சண்டையும் போடுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ‘3’ படம் ஓடியது. என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். படத்தில் நாயகனுக்கு என்ன நோய் என்று சொல்லும் இடத்தில் ‘பைபோலார்’ என்ற சொல் வந்தது. பெரியப்பாவின் மருத்துவச் சீட்டில் பலமுறை பார்த்த சொல் அது. மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருபவளே அவள்தான். படத்தில் நாயகன் நோயை மனைவியிடம் மறைக்கிறார், இல்லாதவர்களைக் காண்கிறார், வளர்த்த நாயையே கொல்கிறார், கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது அவள் என்னிடம் கேட்டாள்: “அப்பா, பெரியப்பாவும் அப்படித்தான் செய்துகொள்வாரா?”

நான் சத்தம் போட்டுவிட்டேன். இனிமேல் இந்தக் கண்றாவிப் படங்களைப் பார்க்காதே என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவள் அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் தினமும் மூன்று வேளை பெரியப்பாவுக்குத் தொலைபேசி செய்து, சாப்பிட்டீர்களா, எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரிக்கிறாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “பிள்ளைக்கு என்ன ஆயிற்று?” என்று கேட்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மலைக்கு மனநோயைக் கொண்டு வந்து சேர்த்ததே சினிமாதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் கொண்ட இடம் 1991-ல் வந்த ‘குணா’ படத்துக்குப் பிறகு குணா குகை ஆகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கியதும் இளைஞர்கள் தலையைக் கலைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி “அபிராமி, அபிராமி” என்று கத்துகிறார்கள். பித்துப்பிடித்தவன் அப்படித்தான் இருப்பான் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். அந்தக் கதையும் மலை விளிம்பிலிருந்து பாய்வதில்தான் முடிகிறது. ‘தெனாலி’யில் பயந்த மனிதர் கொடைக்கானலுக்கு வருகிறார், பைத்தியமாகிப் போவது மருத்துவர். அதைப் பார்த்து நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

பசுமைப் பள்ளத்தாக்கு என்று பலகையில் எழுதியிருக்கும் இடத்துக்குப் பழைய பெயர் தற்கொலை முனை. பயணிகள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பல ஆண்டுகள் நான் அங்கே நின்று கதை சொல்லியிருக்கிறேன். இங்கே ஒரு காதல் ஜோடி கைகோத்துக் குதித்தது என்று, சினிமாவில் பார்த்ததை எல்லாம் கலந்து சொல்வேன். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள், இறங்கும்போது கூடுதலாகப் பணம் கொடுப்பார்கள். அண்ணனை வீட்டில் வைத்துக்கொண்டே அதைச் சொன்னேன். மகள் கேட்ட அன்று இரவிலிருந்து அந்தக் கதை என் தொண்டையில் நிற்கிறது.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு சாதாரணமாக வாழ்கிற ஒருவரைக் காட்டும் படம் ஏதாவது இருக்கிறதா?


மனநலச் செவிலியர், திண்டுக்கல்:

அண்ணா, முதலில் உங்கள் மகளைப் பற்றி. அவள் கேட்டது நல்லது. கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தால்தான் நான் கவலைப்படுவேன். இன்றைக்கே அவளிடம் உட்கார்ந்து, “அன்றைக்குச் சத்தம் போட்டது தப்பு, நீ கேட்டது சரியான கேள்வி” என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

“அப்படியெல்லாம் நடக்கவே நடக்காது” என்று அடித்துச் சொல்லாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொய் தெரிந்துவிடும். உண்மையைச் சொல்லலாம்: இந்த நோயில் அந்த ஆபத்து இருக்கிறது, சிகிச்சை அதைக் குறைக்கிறது. குறிப்பாக லித்தியம். 1949-ல் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்த நோய்க்கு அதைப் பயன்படுத்தி எழுதினார். மலிவான, பழைய மருந்துதான். ஆனால் தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்கு இணையான சான்று உள்ள மருந்துகள் மிகச் சில. உங்கள் மகள் கடைக்குப் போய் வாங்கி வருவது அதைத்தான். இதை அவளிடம் சொல்லுங்கள். அவள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மருத்துவமனையில் நாங்கள் தினமும் சினிமாவோடுதான் மல்லுக்கட்டுகிறோம். மின்சிகிச்சை என்றாலே குடும்பத்தார் அலறுகிறார்கள். படங்களில் அதை வில்லன் தரும் சித்திரவதையாகப் பார்த்தே வளர்ந்தவர்கள். மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே தடை விதித்திருக்கிறது. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரை நகைச்சுவைக் காட்சிகள் வசைச்சொல்லாகவே மாற்றிவிட்டன. 1794-ல் தொடங்கிய மருத்துவமனை அது. அங்கே குணமாகி வீட்டுக்குப் போனவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மனநோயாளி என்றால் கத்தி எடுப்பான் என்கிற படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை, பிறரை அடித்தவர்களைவிடப் பிறரிடம் அடிவாங்கி வந்தவர்கள்தான் அதிகம்.

படத்தில் கட்டிலருகே போலீஸ்காரர் நோட்டுப் புத்தகத்துடன் வந்து நிற்பார். அதை நம்பி, முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்கே கொண்டுவராமல் மறைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று அந்த 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

நீங்கள் சொல்லி வந்த கதையைப் பற்றிக் கேட்காமலேயே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை நிறுத்தியது மிகச் சரி. வியன்னா நகரில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் விரிவாக எழுதிக்கொண்டிருந்தன. 1987-ல் எழுதும் முறையை மாற்றினார்கள். அதன் பிறகு அந்த ரயில் பாதையில் அவை வெகுவாகக் குறைந்தன. ஓர் இடத்தைச் சாவோடு சேர்த்துச் சேர்த்துச் சொன்னால், தவித்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது வழிகாட்டிப் பலகை ஆகிவிடுகிறது. உங்கள் வண்டியில் ஏறுபவர்களில் யார் எந்த நிலையில் வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

யாரிடமாவது “உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?” என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்தது போலாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி இல்லை. கேட்பது பாரத்தை இறக்குகிறது. உங்கள் மகள் பெரியப்பாவிடமே கேட்கட்டும். இரவு எந்நேரமும் பேச 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் பேசலாம். அவளுக்கே மனம் கனத்தாலும் அதே எண்கள்தான்.


உதவி இயக்குநர், சென்னை (சொந்த ஊர் குன்னூர்):

வணக்கம் அண்ணா. கதை விவாதங்களில் உட்காருகிறவன் என்ற முறையில் உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

எங்கள் அறையில் மனநோய் ஒரு திருப்பம், சாவு ஒரு முடிவு. நோய் இடைவேளையில் வெளிப்படும், சாவு கடைசி இருபது நிமிடத்துக்கு உதவும். நடுவில் இருப்பது, அதாவது உங்கள் அண்ணன் வாழ்கிற 20 ஆண்டுகள், எங்களுக்குக் காட்சியாகத் தெரிவதில்லை. ஒருவன் மாத்திரையை எடுத்துத் தண்ணீர் குடிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நாயகி மருத்துவரிடம் போவதாக நான் ஒருமுறை ஒரு காட்சி எழுதினேன். “அங்கே படம் நின்றுவிடும்” என்று எடுத்துவிட்டார்கள். நானும் வாதாடவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

மலையை ஏன் தேடி வருகிறோம் என்றும் சொல்கிறேன். மூடுபனி செலவில்லாமல் கிடைக்கிறது. விளிம்பில் ஒருவரை நிறுத்தினால் வசனமே தேவையில்லை. காற்றில் கூந்தல் பறக்கும், புல்லாங்குழல் சேரும், விழுவதையும் அழகாக எடுத்துவிடுவோம். கே. பாலசந்தர் 1978-ல் தெலுங்கில் எடுத்ததை 1981-ல் இந்தியில் ‘ஏக் துஜே கே லியே’ என்று எடுத்தபோதும் காதலர்கள் கடைசியில் சாகத்தான் செய்தார்கள். நாடே அழுதது. எங்கள் தலைமுறை இயக்குநர்கள் அந்த அழுகையைத்தான் இன்னும் துரத்திக்கொண்டிருக்கிறோம். செத்தால்தான் காதல் பெரிது என்று எத்தனை படங்களில் சொல்லிவிட்டோம்!

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் திரைப்படக்காரர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. முறையைக் காட்டாதே, ஒற்றைக் காரணத்தில் அடைக்காதே, உதவி கேட்டு மீண்டவரைக் காட்டு என்கிறது. நான் வேலை செய்த எந்த அறையிலும் அதைப் பார்த்ததில்லை. சிகரெட் காட்சிக்கு 2012-லிருந்து எச்சரிக்கை வாசகம் கட்டாயம். அதுபோல இதற்கும் உதவி எண்ணைப் போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். சில படங்களில் போடுகிறார்கள். ஆனால் இரண்டரை மணி நேரம் சாவை அழகுபடுத்திவிட்டு மூலையில் நான்கு விநாடி எண்ணைப் போடுவதால் என்ன ஆகப்போகிறது?

நீங்கள் கேட்ட படம்: 2019-ல் வந்த மலையாளப் படம் ‘கும்பளங்கி நைட்ஸ்’. அதில் மூத்த அண்ணன் சஜி, தன்னால் ஒரு நண்பன் இறந்த பிறகு, அழக்கூட முடியாமல் இறுகிப்போகிறான். கடைசித் தம்பியிடம் போய், தன்னை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்கிறான். பிறகு மருத்துவரின் மார்பில் சாய்ந்து குழந்தை போல அழுகிறான். அவ்வளவுதான் காட்சி. யாரும் சிரிக்கவில்லை, படம் நிற்கவும் இல்லை. மகளோடு பாருங்கள். ஒன்றை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன்: அதற்கு முன் அவன் உயிரை விட முயலும் இடம் ஒன்று வருகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது.

இந்தியில் 2016-ல் ‘டியர் ஜிந்தகி’ வந்தது. மனநல ஆலோசகரிடம் ஒரு பெண் வாரந்தோறும் போய்ப் பேசுவதுதான் கதை. கொஞ்சம் வசதியான வீட்டு வாழ்க்கை, பூம்பாறைக்குத் தூரம்தான். இருந்தாலும் பேசுவதைப் படமாக்க முடியும் என்பதற்குச் சான்று.


ஓய்வுபெற்ற ஆசிரியை, கேத்தி:

தம்பிகளே, செவிலிப் பெண்ணே, நீங்கள் எழுதியதெல்லாம் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும்.

எங்கள் கேத்தி ரயில் நிலையத்துக்கும் கொடைக்கானல் குகையின் கதிதான். ‘மூன்றாம் பிறை’ 1982-ல் வந்தது. நீலகிரி ரயில் நிற்கும்போது இறங்கி, கமல் செய்த குரங்குச் சேட்டையைச் செய்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறதி நோய் வந்த பெண்ணை ஒரு வைத்தியர் ஒரே நாளில் குணப்படுத்துகிறார். அவளைக் காத்தவன் அவள் கண்ணுக்குப் பைத்தியமாகத் தெரிகிறான். நான் மிகவும் நேசிக்கும் படம் அது. இருந்தாலும் அந்த ஒரே நாள் வைத்தியம் எத்தனை பெற்றோரை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகன் 2011-ல் பொறியியல் கல்லூரி விடுதியில் தற்கொலையால் இறந்தான். அவனுக்கு 20 வயது. சில மாதங்கள் கழித்து, மனம் மாறட்டும் என்று என் தங்கை என்னை ‘நண்பன்’ படத்துக்கு அழைத்துப் போனாள். நகைச்சுவைப் படம் என்றுதான் அவளுக்குத் தெரியும். அதில் ஒரு மாணவன் விடுதி அறையில் இறந்து கிடக்கிறான். நாயகன் முதல்வரிடம் போய் ஆவேசமாகப் பேசுகிறான். பிறகு பாட்டு, சிரிப்பு. அந்தப் பையனின் வீட்டில் அதன் பிறகு என்ன ஆயிற்று என்று படம் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். என் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மீண்டவர்கள் கதையைக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். காட்டுங்கள். ஆனால் எல்லாருமே மீள்கிற படங்கள் மட்டும் வந்தால், மீளாத என் மகன் ஏதோ முயற்சி போதாதவன் போல ஆகிவிடுவான். 2022-ல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. ஓர் ஆண்டில் மட்டும். அத்தனை வீடுகள் இருக்கின்றன. படம் அந்த வீடுகளுக்குள் வரட்டும். உங்கள் கதைகளில் சாவு வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. எனக்கு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அவன் சட்டைகளை யாருக்குக் கொடுப்பது என்று இரண்டு ஆண்டுகள் முடிவெடுக்க முடியவில்லை. தேர்வில் தோற்றதால் என்று ஊர் சொன்னது. அவன் தோற்ற பாடம் ஒன்றே ஒன்று. அதற்கு முன்பே பல மாதங்களாக அவன் சரியாக உறங்கவில்லை, விடுமுறைக்கு வந்தபோது தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். படிப்புக் களைப்பு என்று நினைத்தேன். படங்களில் ஒரு கடிதம், ஒரு காரணம் என்று முடித்துவிடுவதைப் பார்த்துப் பழகியதால், நானும் அந்த ஒரு காரணத்தைத்தான் வெகுநாள் தேடிக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர்த் தம்பி, உங்கள் அப்பா பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் நான் திரையில் பார்க்க ஆசைப்படுகிறேன்.


மலைச்சாலை ஓட்டுநர், கொடைக்கானல்:

அம்மா, உங்கள் பதிலை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் படித்தேன். மகளிடமும் படித்துக் காட்டினேன். அவள் உங்கள் மகனின் பெயரைக் கேட்டாள். பொதுவில் கேட்கக் கூடாது என்று சொன்னேன். நினைவில் வைத்துக்கொள்வேன் என்று சொல்லச் சொன்னாள்.

செவிலியச் சகோதரி சொன்னபடி சனிக்கிழமை அவளைப் பூம்பாறைக்கு அழைத்துப் போனேன். அண்ணன் பூண்டுப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவள் வரப்பில் உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டாள். எனக்குக் கை நடுங்கியது. அண்ணன் களைக்கொட்டைக் கீழே வைத்தார். அந்த நினைப்பு தனக்கு வந்திருக்கிறது என்றார், 2003-ல். அவளுடைய தாத்தாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், அப்படியே சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அறை வாசலில் குறுக்கே பாய் விரித்துத் தாத்தா படுத்துக்கொண்டார், நாற்பது இரவுகள். மார்கழிக் குளிரில்! இடுப்புவலி என்று வாசலில் படுப்பதாக எங்களிடம் சொல்லியிருந்தார். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த இரவுகளைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“இனியும் வந்தால்?” என்று மகள் கேட்டாள். “உன்னிடம் சொல்கிறேன், உன் அப்பனிடமும் சொல்கிறேன்” என்றார். பிறகு, இப்படி நாளைக்கு மூன்று முறை தொலைபேசி செய்தால் களை எடுக்க முடியவில்லை என்றும் சொன்னார். இப்போது ஒரு முறைதான் பேசுகிறாள். இரத்தப் பரிசோதனைத் தேதிகளை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.

உதவி இயக்குநர்த் தம்பிக்கு: படத்தை இன்னும் பார்க்கவில்லை, தேர்வு முடியட்டும் என்றிருக்கிறேன். ஆனால் அவள் வேறொன்று சொன்னாள். குணா குகையில்தான் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ கதையும் நடக்கிறது. அந்த இடத்திலேயே ஒருவன் குழிக்குள் விழுகிறான், நண்பன் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கி வருகிறான். 2006-ல் உண்மையில் நடந்தது. “பயணிகள் கேட்டால் அதைச் சொல்லுங்கள் அப்பா” என்றாள்.

நேற்று திருச்சியிலிருந்து வந்த ஒரு குடும்பம் பசுமைப் பள்ளத்தாக்கில் இறங்கியதும் கேட்டது, இங்கிருந்துதானே குதிப்பார்கள் என்று. இது பசுமைப் பள்ளத்தாக்கு, வானம் தெளிந்தால் வைகை அணை தெரியும் என்று மட்டும் சொன்னேன். மேகம் விலக முக்கால் மணி நேரம் ஆயிற்று. காத்திருந்து பார்த்தார்கள். திரும்பும்போது அந்த வீட்டு அம்மா நல்ல மலைப்பூண்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நாளைக் காலை ஏழு மணிக்கு அவர்களைப் பூம்பாறைக்கு அழைத்துப் போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இரண்டு கிலோ கட்டி வைக்கிறேன் என்றார்.